நைனாவுக்கு வந்த நான்கு காய்ச்சல்

அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து பால் கணக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் நைனாவின், அதாவது என் அப்பாவின், காய்ச்சல் கணக்கு. "3வது ஊசி. சாயங்காலம் 6 மணி 99.8. ராத்திரி 9 மணி 101. கஞ்சி அரை டம்ளர். விடியகாலம் 4 மணி வேர்த்தது, 98.6." இப்படி ஆறு வாரம். முதல் இரண்டு ஊசிக்கு நேராக "இல்லை" என்று மட்டும் இருக்கும். மற்ற நான்குக்கும் எண்கள்.

நான் வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புக்கு நோய்த்தடைகாப்பியல் பாடத்தைப் பதினான்கு வருடமாக நடத்துகிறேன். சைட்டோகைன் என்ற சொல் வரும்போது, செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளச் சுரக்கும் சிறு புரதங்கள் என்று சொல்வேன். இன்டர்ஃபெரான், இன்டர்லியூக்கின் என்று இரண்டு பெயரைப் பலகையில் எழுதுவேன். அப்புறம் ஆன்டிபாடி படம் வரையப் போய்விடுவேன். பிள்ளைகளுக்கும் அது போதும், எனக்கும் போதும் என்றிருந்தது. அம்மாவின் நோட்டைப் பார்த்த பிறகு அந்த இரண்டு பெயரையும் அப்படித் தாண்டிப் போக முடியவில்லை.

நைனாவுக்கு அறுபத்தேழு வயதில் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. இறைச்சி கழுவின தண்ணீர் நிறத்தில் ஒருநாள், பிறகு செம்பருத்தித் தண்ணீர் போல ஒருநாள். எங்கள் ஊர் வெயில் எல்லோருக்கும் தெரியும். சூடு பிடித்திருக்கும் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டினோம். இளநீர், பார்லி தண்ணீர், ஊறவைத்த வெந்தயம். நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். நீர்த்தாரைத் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். நின்றது. மறுபடி வந்தது, மறுபடி மாத்திரை. நான்கு மாதம் இப்படியே போனது. ஸ்கேன் எடுக்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. படித்தவள் என்று பெயர் எடுத்த நானும் கேட்கவில்லை. தானாக நிற்பதுதான் இந்த ரத்தத்தின் மோசமான குணம். நின்றதும் மனசு சமாதானம் ஆகிவிடுகிறது. ஐம்பது வயதுக்கு மேல் வலியில்லாமல் சிறுநீரில் ஒரே ஒரு முறை ரத்தம் வந்தாலும் சிறுநீர்ப்பையைப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஒரு வரி நிற்கட்டும்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகவியல் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" என்பதுதான்.

"டேனரி சார். ராணிப்பேட்டையில. சாய டிரம்முல இருபத்தாறு வருசம்."

"பீடி, சிகரெட்?"

நைனா அம்மாவைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு," என்று அம்மா சொன்னாள்.

1895இல் பிராங்ஃபர்ட்டில் லூட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார். சில வகைச் சாயங்களில் உள்ள அரோமாட்டிக் அமின்கள் உடலுக்குள் போய், ரத்தத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீரில் சேர்ந்து பையில் மணிக்கணக்கில் தங்குகின்றன. பீடி, சிகரெட் புகையிலும் அதே குடும்பத்து ரசாயனங்கள் உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகையே முதல் காரணம். நைனாவுக்கு இரண்டில் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவரோடு டிரம்மில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியும் என்று அன்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். தசைவரை இறங்கவில்லை, ஆனால் வீரியமான வகை, திரும்ப வரக்கூடியது. அதனால் பி.சி.ஜி. கொடுக்கலாம் என்றார் டாக்டர். வாரம் ஒரு முறை, ஆறு வாரம், சிறுநீர்ப்பைக்குள்.

"பி.சி.ஜி.ன்னா கொழந்தைங்களுக்குக் கையில போடுவாங்களே, அதுவா?" என்று அம்மா கேட்டாள்.

"அதேதாம்மா. காசநோய்க் கிருமியோட சொந்தக்காரக் கிருமி. வீரியம் குறைச்சது, ஆனா உயிரோட இருக்கும்."

நைனாவின் முகம் மாறியது. அவருக்கு ஒன்பது வயதாகும்போது அவர் அம்மா, என் ஆயா, காசநோயில் போய்ச் சேர்ந்தார். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் சானடோரியத்தில் எட்டு மாதம் இருந்தார். 1915இல் ஆரம்பித்த இடம் அது. வட ஆற்காட்டுக் குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு மௌனம் விழும். ஜன்னலுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டு வந்ததுதான் நைனாவுக்கு அம்மாவைப் பற்றிய கடைசி ஞாபகம். "எங்கம்மாவைக் கொன்ன பூச்சியை எனக்குள்ள வுடுறீங்களா?" என்று கேட்டார். டாக்டர் அவசரப்படவில்லை. நாற்காலியை இழுத்து நைனாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கிருமியின் கதையை அன்று இரவு நான் நைனாவுக்குச் சொன்னேன். ஆல்பெர் கால்மெட், கமீ கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியை 1908 முதல் உருளைக்கிழங்குத் துண்டில், பித்தநீரும் கிளிசரினும் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். பதின்மூன்று வருடம், 230 முறை. நோய் தரும் பலத்தை அது இழந்துவிட்டது. 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் கிண்டியில் 1948இல் அதைத் தயாரிக்க ஆய்வகம் வைத்தார்கள். 1950களின் நடுவில் ராஜாஜி இந்தத் தடுப்பூசியைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைக்குள் விடலாமா என்பது அவர் கேள்வி. நைனா கேட்டதும் அதைத்தான். கேள்வியில் தப்பில்லை. பதில் காலத்தால் வந்தது. நைனா தன் இடது தோளைத் தடவிப் பார்த்தார். தழும்பு அவருக்கும் இருந்தது.

சரி, காசநோய்த் தடுப்பூசி சிறுநீர்ப்பைக்குள் எப்படி வந்தது? கனடாவில் கிங்ஸ்டன் நகரில் ஆல்வரோ மொராலெஸ் என்ற சிறுநீரகவியலாளர் 1976இல் ஒன்பது நோயாளிகளுக்கு இதைக் கொடுத்த முடிவை வெளியிட்டார். கட்டி திரும்ப வருவது நன்றாகக் குறைந்திருந்தது. ஏன் ஆறு வாரம் என்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: அவருக்கு வந்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தனவாம். உலகம் முழுக்க இன்றும் முதல் சுற்று ஆறு வாரம்தான். ஐம்பது வருடமாகப் புற்றுநோய்க்கான நோய்த்தடைகாப்பு சிகிச்சைகளில் இவ்வளவு நீண்ட காலம் நின்றது வேறில்லை. புதிய மருந்துகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்து போவது எனக்கு வருத்தம்.

ஊசி என்று நாங்கள் சொன்னாலும் ஊசி கிடையாது. மெல்லிய குழாயை இறக்கி, கரைத்த மருந்தை உள்ளே விட்டு, குழாயை எடுத்துவிடுவார்கள். குழாய் இறங்கும்போது ரத்தம் கண்டால் அன்றைக்குக் கிடையாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், தெறிக்கக் கூடாது; ஒவ்வொரு முறையும் ப்ளீச்சிங் கலந்த தண்ணீரை ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத்தான் தள்ளிவிட வேண்டும். அம்மா வீட்டுக் கழிவறை வாசலில் ஒரு வாளியும் கடிகாரமும் வைத்துவிட்டாள்.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. நைனா மார்க்கெட்டுக்குப் போய் இலவம்பாடி முள்ளுக் கத்தரி வாங்கி வந்தார். மூன்றாவது வாரம் சாயங்காலம் உடம்பு முறுக்கி, குளிர் எடுத்து, காய்ச்சல் ஏறியது. அம்மா நடுங்கிப் போனாள். ஆயாவுக்கும் சாயங்காலம்தானே காய்ச்சல் வரும்! நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸ் நிதானமாக எண்ணைக் கேட்டார், மணியைக் கேட்டார். "பாராசிட்டமால் குடுங்கம்மா. நாளைக்குள்ள இறங்கிடும். நூத்தொண்ணரையைத் தாண்டி ரெண்டு நாள் நின்னா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க. மருந்து வேலை செய்யுறப்ப இப்படித்தான் இருக்கும்." இறங்கிவிட்டது.

மருந்து வேலை செய்கிறது என்றால் என்ன செய்கிறது? இதைப் படிக்கத்தான் எனக்கு அந்த ஆறு வாரமும் போயிற்று.

பி.சி.ஜி. புற்றுசெல்லைக் கொல்வதற்காகப் போடப்படுவதில்லை. அது உள்சுவரில் ஒட்டிக்கொள்கிறது, செல்களுக்குள் போகிறது. கிருமி நுழைந்துவிட்டது என்று அந்தச் செல்கள் சைட்டோகைன்களை விடுகின்றன. முதலில் இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-8, கட்டி நசிவுக் காரணி என்ற டி.என்.எஃப். அதைக் கேட்டு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வருகின்றன. பின்னால் மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள், இயற்கைக் கொல்லிச் செல்கள் என்று வேறு வகை வெள்ளையணுக்கள். அவை வந்ததும் தங்கள் பங்குக்கு இன்டர்லியூக்கின்-2, காமா இன்டர்ஃபெரான் என்று விடுகின்றன. வந்த கூட்டம் கிருமியோடு சேர்த்துப் புற்றுசெல்லையும் கண்டுகொள்கிறது. சிகிச்சைக்குப் பின் சில மணி நேரத்தில் எடுத்த சிறுநீரிலேயே இந்தப் புரதங்களை அளக்க முடியும். காய்ச்சல் என்பது அவற்றில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து, உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போய்ச் சேர்ந்ததன் அடையாளம்.

எங்கள் தெருவில் இன்றும் அவசரம் என்றால் அம்மா போன் எடுக்க மாட்டாள். காம்பவுண்டு சுவர்மேல் எட்டிப் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவாள். அந்தக் குரல் இரண்டு வீடு தள்ளிக் கேட்காது, கேட்க வேண்டியதுமில்லை. சைட்டோகைன் பெரும்பாலும் அப்படிப்பட்ட குரல். பக்கத்துச் செல்லுக்குக் கேட்கும் அளவில் சுரந்து, சற்று நேரத்தில் கரைந்துபோகும். அது எந்த இடத்தில், எவ்வளவு சத்தத்தில் ஒலிக்கிறது என்பதில்தான் அதன் நன்மையும் ஆபத்தும் இருக்கின்றன. நூறு வருடப் புற்றுநோய் ஆராய்ச்சியைப் படிக்கப் படிக்க எனக்கு இது ஒன்றே திரும்பத் திரும்பத் தெரிந்தது.

நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், தோல் தொற்றும் கடுங்காய்ச்சலும் வந்த ஒரு நோயாளிக்குக் கழுத்துக் கட்டி கரைந்துபோன குறிப்பைப் பார்த்து, 1891இல் தன் நோயாளிகளுக்குப் பாக்டீரியாவை ஊசியில் ஏற்றத் தொடங்கினார். சிலருக்கு அற்புதம்போல் குணமானது, பலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. எந்தக் குரல் வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும், வைரஸ் பட்ட செல் ஏதோ ஒன்றை வெளியிட்டுப் பக்கத்துச் செல்லைக் காப்பதைக் கண்டு அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். ஹெல்சிங்கியில் காரி கான்டெல் தானமாக வந்த ரத்தத்தின் வெள்ளையணுக்களிலிருந்து அதைத் துளித்துளியாகப் பிரித்தெடுத்தார். புற்றுநோய்க்கு முடிவு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. முடிவு வரவில்லை. 1986இல் ஒரு அரிய ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அப்புறம் இன்டர்லியூக்கின்-2. இந்தக் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டி செல்லைப் பெருகவைக்கும் இந்தப் புரதத்தை 1976இல் கண்டுபிடித்தார்கள். 1983இல் ஜப்பானின் தானிகுச்சி குழு அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. வேண்டிய அளவு கிடைத்ததும், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க் அதை நேராக ரத்தத்தில் ஏற்றினார். நோயாளிக்குப் பின் நோயாளியாகப் பலனில்லை. 1984இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உடம்பெங்கும் பரவிய முப்பத்து மூன்று வயதுக் கடற்படை அதிகாரி ஒருவருக்கு மிக அதிக அளவில் கொடுத்தார். அந்தப் பெண்ணின் கட்டிகள் கரைந்தன. ஆனால் அந்த அளவு என்பது என்ன? ரத்தக் குழாய்கள் கசிந்து, ரத்த அழுத்தம் இறங்கி, நுரையீரலில் நீர் சேர்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துத்தான் கொடுக்க முடியும். சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இலும் மெலனோமாவுக்கு 1998இலும் அனுமதி வந்தது. நூறு பேரில் பதினைந்து பேருக்கு ஓரளவு பலன். ஒரு கைவிரல் எண்ணிக்கையில் சிலருக்குப் பல வருட நிம்மதி. சுவர்மேல் கூப்பிட வேண்டியதை ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டிக் கூப்பிட்டது போலத்தான் அது. இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் குரலுக்குத் தாக்கும் டி செல் மட்டும் வருவதில்லை, அடக்கிவைக்கும் டி செல்லும் வருகிறது.

குரல் கட்டுமீறிப் போவதன் உச்சம் எமிலி என்ற சிறுமியின் கதை. 2012இல் பிலடெல்பியாவில், ரத்தப் புற்றுநோய்க்கு எல்லா மருந்தும் கைவிட்ட நிலையில், ஆறு வயதில் அவளுக்கு அவளுடைய டி செல்லையே மாற்றியமைத்து ஏற்றினார்கள். கார்-டி என்று இன்று சொல்கிறோமே, அது. சில நாளில் காய்ச்சல் கொதித்தது, மூச்சுக்குக் கருவி வைத்தார்கள். ரத்தத்தில் சைட்டோகைன்களை அளந்தபோது இன்டர்லியூக்கின்-6 எங்கோ போய் நின்றது. இந்தச் சிகிச்சையை உருவாக்கிய குழுவின் தலைவர் கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால், அந்தப் புரதத்தின் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. ஜப்பானில் கிஷிமோட்டோவின் இன்டர்லியூக்கின்-6 ஆராய்ச்சியிலிருந்து வந்த மருந்து அது. ஒரு டோஸ் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. ஏழாவது பிறந்தநாள் அன்று எமிலி கண் விழித்தாள். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது என் குரல் எப்போதும் கொஞ்சம் தழுதழுக்கும். மாணவர்களுக்குப் பழகிவிட்டது.

இதெல்லாம் ஏதோ தூர தேசத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. நம் வேலூர் சி.எம்.சி.யில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவோடு நடந்த வெல்கார்ட் என்ற கார்-டி ஆய்வில், நோயாளியின் டி செல்களை மருத்துவமனைக்குள்ளேயே சுமார் ஒன்பது நாளில் தயாரித்துத் திருப்பி ஏற்றினார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த இடம். காந்தி ரோட்டில் வங்காள மொழிப் பலகைகளுக்கு நடுவே, லாட்ஜ் வாசலில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் அந்த ஒற்றைக் கட்டில் எனக்கு நினைவுக்கு வரும்.

அங்கேதான், சிகிச்சைக்குக் காத்திருந்த பெஞ்சில், ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெரியவரையும் அவர் மகனையும் பார்த்தோம். அவருக்கும் நைனாவுக்கும் ஒரே வியாதி. பி.சி.ஜி. ஆறு போட்டு, மேலும் மூன்று போட்டும், கட்டி திரும்ப வந்துவிட்டது. நைனாவுக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. இருவரும் அருகருகே உட்கார்ந்து ஒரே டீயைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை? முழுப் பதில் நீளமானது. ஒரு பகுதி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மொத்த விஷயத்திலும் என்னை மிகவும் அசைத்தது அதுதான். காமா இன்டர்ஃபெரான் தாக்குதலுக்கு ஆள் சேர்க்கும் குரல் என்று சொன்னேன் அல்லவா? அதே குரல் புற்றுசெல்லுக்கும் கேட்கிறது. கேட்டதும் அது தன் மேற்பரப்பில் பி.டி.எல்-1 என்ற புரதத்தை ஏற்றிக்கொள்கிறது. டி செல்லின் மேல் பி.டி-1 என்ற இன்னொரு புரதம் உண்டு. இரண்டும் தொட்டுக்கொண்டால் டி செல்லுக்குள் "போதும்" என்று சைகை போகிறது. வந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறான். இது புற்றுநோய் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. தொற்று தீர்ந்தபின் சண்டை ஓய்ந்து, நம் சொந்தத் திசு பிழைக்க வேண்டும் என்பதற்காக உடம்பே வைத்திருக்கும் ஏற்பாடு. அம்மா தெருச்சண்டையை விலக்கும்போது "போதும் வுடுங்க" என்பாளே, அந்தக் குரலைத் திருடன் கற்றுக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி.

பி.டி-1ஐ 1992இல் கியோட்டோவில் தாசுகு ஹோஞ்சோ குழு கண்டறிந்தது. சி.டி.எல்.ஏ-4 என்ற இன்னொரு "போதும்" புரதத்தை அடைத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று 1996இல் ஜேம்ஸ் ஆலிசன் காட்டினார். அதிலிருந்து வந்த இபிலிமுமாப் 2011இலும், பி.டி-1ஐ அடைக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் 2014இலும் புழக்கத்துக்கு வந்தன. இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு மெலனோமா மூளைவரை போயிருந்தது. 2015இல் பெம்ப்ரோலிசுமாபும் கதிர்வீச்சும் பெற்றார். 2024 டிசம்பர்வரை, நூறு வயதுவரை வாழ்ந்தார். அதுவரை எல்லோரும் குரலை உயர்த்தப் பார்த்தார்கள். ஹோஞ்சோவும் ஆலிசனும், ஆள் ஏற்கெனவே வந்து நிற்கிறான், அவன் காதில் ஓதப்படும் "போதும்" என்ற சொல்லை நிறுத்து என்றார்கள். அதற்கும் விலை உண்டு: குடல், தோல், தைராய்டு, நுரையீரல் என்று எங்கு வேண்டுமானாலும் சொந்தத் திசுவைத் தாக்கலாம்.

பி.சி.ஜி. கேட்காமல் போனவர்களுக்கு 2020இல் பெம்ப்ரோலிசுமாப் அமெரிக்காவில் அனுமதியானது. அதற்குப் பின் வந்த இரண்டைத்தான் நான் ஆவலோடு படித்தேன். 2022 டிசம்பரில் அனுமதியான ஒரு மருந்து, இன்டர்ஃபெரானுக்கான மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றிச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறது. பைச்சுவரே இன்டர்ஃபெரானைச் சுரக்கத் தொடங்குகிறது. 2024 ஏப்ரலில் வந்தது, இன்டர்லியூக்கின்-15இன் பலம் கூட்டிய வடிவம். இன்டர்லியூக்கின்-2இன் தங்கச்சி மாதிரி. கொல்லிச் செல்களையும் தாக்கும் டி செல்களையும் எழுப்பும், அடக்கும் செல்களைப் பெருக்காது. அதை பி.சி.ஜி.யோடு கலந்து அதே குழாயில், அதே பைக்குள் விடுகிறார்கள். ரத்தத்தில் ஏற்றியபோது ஆளையே சாய்த்த குடும்பத்துப் புரதம், சுவர்மேல் எட்டிக் கூப்பிடும் அளவுக்குத் திரும்பி வந்திருக்கிறது. ரோசன்பெர்க்கின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இந்த இடத்துக்கு வர நாற்பது வருடம்.

ஜார்க்கண்டுப் பெரியவருக்கு இவை எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பையை எடுத்துவிடச் சொன்னார்கள். அது தோற்றுப்போன சிகிச்சை இல்லை, உயிரைக் காப்பாற்றும் அறுவைதான். ஆனாலும் மகன் பெம்ப்ரோலிசுமாபின் விலையைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விலையைப் பற்றிப் பேசாமல் இந்த அறிவியலைப் புகழ்ந்து எழுதுவது எனக்கு ஒவ்வவில்லை. டாடா மெமோரியலில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், கீமோ மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். பி.டி-1ஐ அடைக்க அவ்வளவு மருந்து தேவையே இல்லையோ என்ற கேள்வியை நம் நாட்டு ஏழை நோயாளிகளை வைத்து நம் டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பணம் தர மருந்து கம்பெனிகளுக்கு அவசரம் இருக்காது. அரசாங்கம்தான் தர வேண்டும். பிடிவாதமாகத் தர வேண்டும்.

பழைய பி.சி.ஜி.யும் எளிதில் கிடைத்துவிடவில்லை. முதல் ஆறு வாரத்துக்குப் பின் கட்டி திரும்பாமலிருக்க இடைவெளி விட்டுக் கொடுக்கும் பராமரிப்புச் சுற்றுகளில், நைனாவின் இரண்டாவதின்போது மருந்து இருப்பில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உலகத்தில் தயாரிப்பவர்கள் சிலர்தான். பெரிய தயாரிப்பாளர் ஒருவர் 2017இல் நிறுத்திவிட்டார். இந்தக் கிருமி இரட்டிக்கவே ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், அவசரப்படுத்த முடியாது. ஏழு வாரம் காத்திருந்தோம். அந்த ஏழு வாரமும் நோட்டில் காலியாக இருக்கிறது.

நைனாவுக்கு இப்போது மூன்று வருடம் ஆகிறது. கேமரா விட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும் சுவர் சுத்தமாக இருக்கிறது. காய்ச்சல் வந்ததால்தான் குணமானதா என்று டாக்டரிடம் கேட்டேன். காய்ச்சல் வந்தவர்கள் எல்லோரும் தப்பித்ததுமில்லை, வராதவர்கள் எல்லோரும் தோற்றதுமில்லை என்றார். பீடியை நைனா முதல் ஊசியன்றே விட்டுவிட்டார். அவரோடு சாய டிரம்மில் நின்ற ஆறு பேரை ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யவைத்தார். ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை.

ஆறாவது ஆள் குடியாத்தத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்குப் போன மாதம் பி.சி.ஜி. தொடங்கினார்கள். மூன்றாவது ஊசி போட்ட அன்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. உடம்பெல்லாம் நடுங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது, இனிமேல் போக மாட்டேன் என்று அழுதார். நைனா ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா நம்பர் காட்டுச்சு?"

"நூறு புள்ளி ஆறு."

"ரத்தம் வருதா? மூச்சு வாங்குதா?"

"இல்ல மாமா."

"சரி. மாத்திரை போட்டுப் படு. பயப்படாத. உள்ள ஆளு கூப்புடுறாங்க, அவ்ளோதான். நாளை மறுநாளும் இறங்கலன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும், அதுல வெளையாட்டு கூடாது. இறங்கிடுச்சுன்னா அடுத்த வாரம் நாலாவதுக்கு நான் வந்து கூட்டிப்போறேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. நைனா போனை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து திருப்பி, மூன்றாவது ஊசியிலிருந்து ஒவ்வொரு எண்ணாக அவருக்கு வாசிக்க ஆரம்பித்தாள்.